இடது கண்ணுக்கு வாங்கிய பைனாகுலர்

என் நண்பர் எட்டு மாதம் தன் கண்களை நம்பாமல் வாழ்ந்தார். அவர் கண்களில் குறை எதுவும் இருக்கவில்லை. குறை என் வலது கண்ணில் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் காலத்தை ஓட்டுவதற்காக ஒரு பைனாகுலர் வாங்கினேன். இது அந்தப் பைனாகுலரைத் தேர்ந்தெடுத்த கதை.

நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் மனைவியோடு இருக்கிறேன். நண்பர் செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். இப்போது கிள்ளானில் வசிக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சர்வேயர் என்பார். இருபது ஆண்டுகளாக மாதத்தில் இரண்டு ஞாயிறு, தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டி எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குக் காட்டுப்பன்றி சுடப் போவோம். இளம் செம்பனையின் குருத்தைப் பன்றிகள் தோண்டித் தின்றுவிடும் என்பதால் தோட்ட நிர்வாகமே எங்களை வரச்சொன்னது. துப்பாக்கிக்கு லைசன்ஸ், வேட்டைக்கு அனுமதிச் சீட்டு, எல்லாம் முறையாக வைத்திருந்தோம்.

வேட்டையிலும் ஒரு முறை வைத்திருந்தோம். அது என் தொழிலிலிருந்து நான் கொண்டுவந்தது. நில அளவையில் கருவியில் கண் வைப்பவர் எண்ணை உரக்கச் சொல்வார். குறித்துக்கொள்பவர் அதைத் திருப்பிச் சொல்வார். கண் வைத்தவர் "சரி" என்ற பிறகே பேனா தாளைத் தொடும். வேட்டையில் நான் பார்ப்பவன், அவர் சுடுபவர். நான் முதலில் விலங்கைச் சொல்வேன், பிறகு தூரத்தை. "பன்னி, முப்பது." அவர் திருப்பிச் சொல்வார். நான் "சரி" என்பேன். அந்தச் சரிக்குப் பிறகுதான் அவர் விரல் விசைக்குப் போகும். இருபது ஆண்டுகளில் தவறாக ஒரு தோட்டா போனதில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்த மற்ற வேட்டைக்காரர்கள் ஆளுக்கொரு நாயையாவது இழந்திருக்கிறார்கள்.

தூரம் ஏன் முக்கியம் என்றால், எங்கள் துப்பாக்கி நாற்பது மீட்டருக்கு மேல் கொல்லாது, காயப்படுத்தும். காயம்பட்ட பன்றி புதருக்குள் போய் இரண்டு நாள் கிடந்து சாகும், அல்லது திரும்பி வந்து நம் காலைக் கிழிக்கும். ஆனால் செம்பனைத் தோட்டத்தில் தூரம் அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. மரங்களை ஒரே இடைவெளியில் நட்டிருப்பார்கள். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் ஏறக்குறைய ஒன்பது மீட்டர். வரிசையை எண்ணினால் போதும். இருபது ஆண்டுகள் அப்படித்தான் எண்ணினேன்.

பிறகு எண்ண முடியாமல் போயிற்று. நான்காவது மரம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்துணியால் துடைத்த மாதிரி ஒரு கலங்கல் இருந்தது. கண் மருத்துவர் கட்டம் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். நடுவிலிருந்த கோடுகள் வளைந்திருந்தன. வாழ்நாள் முழுவதும் நேர்கோடு போட்டுப் பிழைத்தவன் நான். தாள் சரியாக அச்சாகவில்லை என்று அவரிடம் சொன்னேன். இந்தக் கண்ணின் நடுப்பார்வை திரும்பி வராது, மேலும் கெடுவதை வேண்டுமானால் தள்ளிப்போடலாம், இடது கண்ணும் தூரத்துக்கு மங்கத் தொடங்கியிருக்கிறது என்றார். மனைவியிடம், கண்ணாடியின் பவரை மாற்ற வேண்டுமாம் என்றேன். நண்பரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அந்த வாரமே வேறொருவரைப் பார்ப்பவராக வைத்துக்கொண்டிருப்பார். வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கார் ஓட்டுவதையும் நிறுத்தினேன். பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் கிடைப்பதில்லை என்று காரணம் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள்.

தூரம் காட்டும் பைனாகுலர் ஒன்று வாங்கலாம் என்று நான்தான் தொடங்கினேன். நண்பர் தன் காரிலேயே என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடி. ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கு அப்பால் கட்டடங்கள். விற்பனைக்கு நின்றது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ்ப் பெண். தானும் பறவை பார்க்கப் போகிறவர் என்பது அவர் பைனாகுலரைத் தூக்கிய விதத்திலேயே தெரிந்தது.

"எதப் பாக்க அங்கிள்? பறவையா?"

"பன்னி," என்றார் நண்பர்.

அந்தப் பெண்ணின் முகத்தில் மாற்றம் இல்லை. "எவ்ளோ தூரத்துல?"

"நாப்பது மீட்டர்."

"நாப்பது மீட்டர்ல நின்னா வெறுங்கண்ணுக்கே தெரியுமே."

"எனக்குத் தெரியும். இவரு சர்வேயர். நம்பர் இல்லன்னா இவருக்கு சோறு எறங்காது."

அந்தப் பெண் கண்ணாடி மேசையின் மேல் மூன்று பைனாகுலர்களை வரிசையாக வைத்தார். முதலாவது பத்து மடங்கு பெரிதாக்கும். மூவாயிரம் மீட்டர் வரை அளக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

"மூவாயிரமா," என்றார் நண்பர். "நமக்கு நாப்பது போதும். மிச்சத்த வீட்ல வச்சிக்கலாம்."

"அந்த நம்பர நம்பாதீங்க அங்கிள். அது பளபளன்னு இருக்கிற போர்டுக்கு. மரம்னா அதுல பாதி. மிருகம்னா இன்னும் கொறச்சல். நனைஞ்ச மிருகம்னா அதுக்கும் கீழ."

"எங்க பன்னி எப்பவும் நனைஞ்சுதான்மா இருக்கும்."

பத்து மடங்கா, எட்டு மடங்கா என்பதில் எங்களுக்குள் பேச்சு நீண்டது. பத்து மடங்கில் பன்றியும் பெரிதாகும், நம் கை நடுக்கமும் பெரிதாகும். எட்டில் அகலமாகத் தெரியும், விடியற்காலை மங்கலில் வெளிச்சமும் கூடுதலாகக் கிடைக்கும். முன்கண்ணாடியின் அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்துப் பார்த்தால் அது விளங்கும் என்று நண்பருக்குச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பத்து எட்ட விடப் பெருசு. அது வரைக்கும் எனக்குப் புரியுது."

இரண்டாவது, நீண்ட தூரம் சுடுபவர்களுக்கானது. மேடு பள்ளத்துக்குத் தக்கபடி தூரத்தைத் திருத்தும். காற்று, வெப்பம் எல்லாவற்றையும் சேர்த்து, தோட்டா எவ்வளவு கீழிறங்கும் என்று கைப்பேசிக்குக் கணக்கு அனுப்பும். அறுநூறு மீட்டர், எண்ணூறு மீட்டர் சுடுபவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார் அந்தப் பெண். எங்கள் வட்டாரத்தில் உயரமான இடம் என்றால் சாலையின் வேகத்தடைதான். இருந்தும் நண்பருக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு துப்பாக்கிச் சங்கத்தில் சேர்ந்து, படுத்தபடி தூர இலக்கைச் சுட வேண்டும் என்பது அவருடைய பழைய கனவு.

இன்னொன்றையும் அந்தப் பெண் நன்றாக விளக்கினார். விசையை அழுத்தினால் ஒளி போய் எதில் பட்டுத் திரும்புகிறதோ அதன் தூரம்தான் வரும். இலை குறுக்கே இருந்தால் இலையின் தூரம். அதனால் இரண்டு அமைப்பு வைத்திருக்கிறார்கள். மைதானத்தில் இலக்கைச் சுடுபவர்கள் கிட்ட இருப்பதை எடுத்துக்கொள்ளச் சொல்லி வைப்பார்கள். புதரில் வேட்டையாடுபவர்கள் முன்னால் இருக்கும் இலையை விட்டுவிட்டு, தள்ளி இருப்பதை எடுக்கச் சொல்லி வைப்பார்கள். "எப்படி வச்சாலும் அது தூரத்தத்தான் சொல்லும். அங்க என்ன நிக்கிதுன்னு நீங்கதான் பாக்கணும்."

இதை நான் என் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றிருக்கிறேன். தலையாட்டினேன்.

முதல் இரண்டையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரயில் பாதைக்கு அப்பால் ஒரு விளம்பரப் பலகை. அழுத்தினேன். எண் எதுவும் வரவில்லை. எண் வலது குழாயில்தான் தெரியும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை.

"நம்பர் தெரியுதா அங்கிள்?"

"தெரியுது."

"எவ்ளோ?"

கண்மதிப்பில் நூற்று எண்பது என்றேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு நூற்று எண்பத்து மூன்று என்றார். மூன்று மீட்டர் பிழைதான் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். பொய் சொன்னது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மூன்றாவது, எட்டு மடங்கு. அழுத்தியதும் பளிச்சென்று சிவப்பில் எண் எரிந்தது. இதில் எண் இடது குழாயில் வருகிறது. எனக்கு வேண்டியது இதுதான் என்று அந்த நொடியே முடிவு செய்தேன்.

நண்பர் ஜன்னலருகே போய் இரண்டாவதை வைத்துக்கொண்டு, ரயில் நிலையத்தில் நிற்பவர்களின் தூரத்தை ஒவ்வொருவராக அளந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வலது கண்ணு சரியில்லையா அங்கிள்?"

"கண்ணாடி மாத்தணும்."

"மொதல்ல கண்ணக் காட்டிட்டு வாங்க. இது எங்கயும் ஓடிப்போவாது."

"காட்டுறேன்மா."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வேலையைக் கவனித்தார். "சிவப்பு வெளிச்சத்துக்கு அஞ்சு அளவு இருக்கு. விடியகாலையில ரொம்பக் கொறச்சி வைங்க. கூட்டி வச்சீங்கன்னா நம்பர் மட்டும்தான் தெரியும், பின்னால இருக்கிறது மறைஞ்சிரும்."

திரும்பும் வழியில் காரில், இதையே ஏன் எடுத்தேன் என்று நண்பருக்கு விளக்கினேன். எடை குறைவு. பேட்டரி சாதாரணமாகக் கிடைக்கும். உத்தரவாதக் காலம் அதிகம். ஈரத்தில் உள்ளே பனி படியாது. எல்லாம் உண்மை. என் பேச்சில் இல்லாத ஒன்றுதான் காரணம்.

முதல் இரண்டு ஞாயிறும் நன்றாகப் போயிற்று. ஒரு பன்றி முப்பத்திரண்டு மீட்டரில், ஒன்று இருபத்தேழில். வெட்டவெளியில் நின்ற பன்றிகள், அசைந்தன, அசைவு எனக்குத் தெரியும். "காச வீணாக்கல சர்வேயர்," என்றார் நண்பர். சிவப்பு வெளிச்சத்தை நான் ஐந்திலேயே வைத்திருந்தேன். குறைத்தால் எண் எனக்கு மங்கலாகத் தெரிந்தது.

மூன்றாவது ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேல் இருக்கும். இரவு பெய்த மழையில் தோட்டம் புகைந்துகொண்டிருந்தது. ஒரு செம்பனை அடியில், பெரணிச் செடிகளுக்குள், கருமையாக ஒன்று கிடந்தது. நண்பர் முழங்காலை ஊன்றித் துப்பாக்கியை எடுத்தார். நான் பைனாகுலரை வைத்து அழுத்தினேன். சிவப்பில் முப்பத்தெட்டு எரிந்தது. அதன் பின்னால் எனக்கு எதுவும் தெரியவில்லை. வலது கண்ணின் நடுவில் கலங்கல், இடது கண்ணின் நடுவில் எண்.

"முப்பத்தெட்டு," என்றேன்.

விலங்கை முதலில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. எனக்குத் தெரியாததைச் சொல்லக்கூடாது என்ற அளவுக்கு அந்த நேரத்திலும் யோக்கியனாக இருந்தேன்.

நண்பர் வழக்கம்போலத் திருப்பிச் சொன்னார். "பன்னி, முப்பத்தெட்டு."

இருபது ஆண்டுகளாக அப்படிச் சொல்லிப் பழகிய வாய். நான் விட்ட சொல்லை அது தானாகச் சேர்த்துக்கொண்டது. இப்போது நான் "தெரியல அண்ணே" என்று சொல்லியிருக்க வேண்டும்.

"சரி," என்றேன்.

அவர் சுட்டார். அது கன்றுக்குட்டி. ஆறு மாதம் இருக்கும்.

சத்தம் கேட்டு, மாடுகளின் சொந்தக்காரப் பெண்மணி மோட்டார் சைக்கிளில் வந்தார். தோட்டத்துக்கு வெளியே கம்பம் எனப்படும் கிராமத்தில் இருந்துகொண்டு பால் விற்பவர். இறங்கி, கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் காதைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு எங்களைப் பார்க்காமலேயே பேசினார்.

"கழுத்துல மணி கட்டியிருக்கேன். காது கேக்காதா உங்களுக்கு?"

"படுத்திருந்துச்சிம்மா," என்றார் நண்பர். "மணி அடிக்கல."

"படுத்திருந்தா சுடுவீங்களா? பாத்தா ரெண்டு பேரும் கோயிலுக்குப் போற ஆளுங்க மாதிரி இருக்கீங்க. மாட்டுக்கும் பன்னிக்கும் வித்தியாசம் தெரியாதா அண்ணே?"

நண்பர் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டுக் கைகூப்பினார். நானும் கூப்பினேன். பைனாகுலர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், தனித்தனியாக வாக்குமூலம் வாங்கினார்கள். என்னுடையதை நானே நல்ல மலாயில் எழுதிக் கொடுத்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: நான் தூரத்தை மட்டும் சொன்னேன், பன்றி என்று நான் சொல்லவில்லை, பன்றி என்ற சொல்லை முதலில் சொன்னது அவர், பிறகு சுட்டார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் திருப்பிச் சொன்னதற்கு நான் "சரி" என்றதை மட்டும் எழுதவில்லை. என் கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் சொல்லவுமில்லை. நண்பரின் லைசன்ஸை ரத்து செய்தார்கள். என்னுடையதை விட்டுவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம் இல்லை.

"சர்வேயர், பன்னின்னு நீங்க சொன்ன மாதிரி என் காதுல கேட்டுச்சி. நீங்க சொல்லலியாமே?"

"நான் சொல்லல அண்ணே."

"அப்படியா," என்றார். "அப்ப நானேதான் நெனச்சிக்கிட்டேன் போல."

அதற்குப் பிறகு நான் அழைக்கவில்லை. மழை, முழங்கால் வலி, உறவினர் திருமணம் என்று காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. எட்டு மாதம் கழித்து அவர் மனைவி அழைத்து, "தம்பி, ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்றார். கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன்.

அவர் வாசலுக்கு வந்த விதமே மாறியிருந்தது. படியில் கால் வைக்குமுன் கால்விரலால் துழாவினார். மனைவி முழங்கையைப் பிடித்துக்கொண்டார். காப்பி போட உள்ளே போகும்போது அந்த அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ரோடு தாண்டக்கூட என் கையப் புடிச்சிக்கிறாரு. காரத் தொட்டு எட்டு மாசம் ஆச்சி. பேரனக்கூடத் தூக்கறதில்ல, கீழ போட்டுருவேன்றாரு."

நண்பர் தானே எல்லாவற்றையும் சொன்னார். மூன்று கண் டாக்டர்களைப் பார்த்துவிட்டாராம். மூவரும், இந்த வயதில் இப்படி ஒரு கண்ணைப் பார்த்ததில்லை என்று பாராட்டி அனுப்பியிருக்கிறார்கள். கண் இல்லையென்றால் மூளையாக இருக்கும் என்று அதற்கும் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். கடிகாரம் வரையச் சொல்லி, பதினொன்று பத்து என்று முள் வைக்கச் சொன்னார்களாம். சரியாக வைத்தாராம்.

"எல்லாரும் எல்லாம் சரின்றாங்க சர்வேயர். அதான் பயமா இருக்கு. கண்ணு கெட்டிருந்தா ஆபரேஷன் பண்ணிரலாம். நல்ல கண்ண வச்சிக்கிட்டு கன்னுக்குட்டியப் பன்னின்னு பாத்தா என்ன பண்றது? நாளைக்கு ரோட்டுல ஒரு புள்ளய வேற எதாச்சும்னு பாத்துட்டேன்னா?"

ரயிலில் வரும்போது நான் எதையும் சொல்லும் எண்ணத்தில் இல்லை. பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் உத்தேசம். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியை அவர் என்னைத்தான் கேட்டார். பதில் தெரிந்த ஒரே ஆள் நான்.

"அண்ணே, எதிர்ல அந்த லோரி நிக்கிதே. அதோட நம்பர் என்ன?"

சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற லோரியைப் பார்த்து, அவர் தயங்கித் தயங்கி எழுத்துகளையும் எண்களையும் படித்தார். அடியில் பொடியாக எழுதியிருந்த எடை அளவையும் சேர்த்துப் படித்தார்.

"சரியா?"

"தெரியல அண்ணே," என்றேன். "எனக்கு லோரி தெரியுது. நம்பர் தெரியல. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சி. வலது கண்ணுல நடுப்பார்வை இல்ல. இடதும் மங்கிக்கிட்டு வருது."

பிறகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கட்டத்தாள், கடை, இடது குழாய், ஐந்தில் வைத்த வெளிச்சம், முப்பத்தெட்டுக்குப் பின்னால் எனக்கு எதுவும் தெரியாதது. "நீங்க பன்னின்னு திருப்பிச் சொன்னப்ப நான் சரின்னேன். அத நான் பாலாய்ல எழுதல."

அவர் மனைவி காப்பியோடு கதவருகில் நின்றுவிட்டார். நண்பர் லோரியின் நம்பரை இன்னொரு முறை வாய்க்குள் படித்தார்.

"கடிகாரம் வரைஞ்சேன் சர்வேயர்," என்றார். "சின்னப் பொண்ணு ஒருத்தி எதுத்தாப்ல உக்காந்து, 'அங்கிள், இன்னிக்கு என்ன கிழமை'ன்னு கேட்டா. பதில் சொன்னேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். கையில் கார்ச் சாவி.

"பாலாய்க்குப் போவோம். எழுதிக் குடுங்க."

எட்டு மாதத்தில் அந்தக் காரை அவர் மகன் அவ்வப்போது ஓட்டியிருக்கிறான். இருக்கை தள்ளியிருந்தது. அதை இழுத்துச் சரிசெய்து, கண்ணாடியைத் திருப்பி, கிளம்பினார். முதல் சந்திப்பு வரை ஊர்ந்தார். பிறகு ஓட்டினார். வழி முழுவதும் என்னோடு பேசவில்லை. ஆனால் சாலையோரப் பலகை ஒவ்வொன்றையும் முணுமுணுத்துப் படித்துக்கொண்டே வந்தார்: டயர் கடை, பல் மருத்துவர், மேம்பாலத்தின் உயரம், குப்பை கொட்டினால் எவ்வளவு அபராதம் என்பது வரை.

போலீஸ் நிலையத்தில் இருந்த அதிகாரி என் பழைய வாக்குமூலத்தைத் தேடி எடுத்தார். இதில் பொய் எது என்று கேட்டார். பொய் எதுவும் இல்லை, ஒரு சொல் குறைகிறது என்றேன். ஒரு சொல்லுக்கு ஏன் எட்டு மாதம் என்று கேட்டார். தாள் கேட்டு வாங்கி, புதிதாக எழுதிக் கொடுத்தேன். கண் மருத்துவரின் அறிக்கையைக் கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொன்னேன்; மறுநாள் சேர்த்தேன். என் லைசன்ஸையும் அன்றே ஒப்படைத்தேன். நண்பரின் லைசன்ஸுக்கான மேல்முறையீடு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அந்தப் பால்காரப் பெண்மணியிடமும் போய்ச் சொன்னேன். "சுட்டது யாரா இருந்தா எனக்கென்ன, என் கன்னு போச்சி," என்றார். அதுவும் சரிதான்.

அன்று பாலாயிலிருந்து திரும்பும்போது நண்பர் என்னைக் கிள்ளான் கொமுட்டர் நிலையத்தில் இறக்கிவிட்டார். கதவைச் சாத்துமுன், "அண்ணே, பாத்துப் போங்க" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது. அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு, சிக்னல் போட்டு, போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் என்னை அழைக்கவில்லை. நான் அழைத்தால் எடுப்பதில்லை. போன வாரம் அவர் மனைவி அழைத்தார். ஒரு புகார் சொல்ல வேண்டுமாம்.

"பாசாருக்குன்னு காலையில காரை எடுத்தா மத்தியானம்தான் வராரு தம்பி. பேரனையும் பின்னால உக்கார வச்சிக்கிறாரு. எங்க போனீங்கன்னா, சும்மா ஓட்டுனேன்றாரு. காஜாங் வரைக்கும் போயி சாப்பிட சாத்தே வாங்கிட்டு வந்திருக்காரு ஒருநாள். வயசாச்சி, இவ்ளோ தூரம் ஓட்டலாமா? நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

அவர் நன்றாகத்தான் ஓட்டுவார் அக்கா, விட்டுவிடுங்கள் என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். எனக்குத் தெரியும் என்றேன்.